பில்லுக்குக் கொடுத்த போன் நம்பர்

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு என்று பல மரங்களில் சாமி சிலை செதுக்குகிறார்கள். 2020-இல் இந்த மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆர்டர் கொடுத்த அன்றே சிலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. செதுக்கி முடிக்க நாளாகும். அதனால் பெயர், ஊர், போன் நம்பர், எந்தச் சாமி, எத்தனை அடி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாக வேண்டியிருக்கிறது. சிலை வீடு போய்ச் சேர்ந்த பிறகும் விவரம் பட்டறையில் தங்கிவிடும். தீபாவளிக்கு அத்தனை பேருக்கும் புதுச் சிலைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

அந்த விவரம் வெறும் நோட்டில் இருக்கும்வரை, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதில் தலையிடாது. போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றிவிட்டால் கதை வேறு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். சின்னக் கடை என்பதற்காகத் தானாக விலக்கு கிடைக்காது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு.

சட்டமே ஒரு மருந்துக்கடையை உதாரணம் காட்டுகிறது. மருந்து வாங்கிய பெண், பணம் கட்டியதற்கான ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லி நம்பர் தருகிறார். ரசீது அனுப்ப அந்த நம்பரைக் கடை பயன்படுத்தலாம். தள்ளுபடி விளம்பரத்துக்கு? அதற்கு அவரிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். துணிக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். நம்பர் தந்தால்தான் பில் போடுவோம் என்று அடம்பிடிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் கேட்டதும் பத்து இலக்கத்தையும் ஒப்பிக்கும் பழக்கம் மட்டும் நமக்குப் போகவில்லை.

சேர்த்து வைத்தது கசிந்தால் என்ன ஆகும் என்பதை 2021-இல் டோமினோஸ் பீட்சா வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் இணையத்தில் தேடி எடுக்கும்படி கிடந்தன. தரவைச் சரியாகக் காக்கத் தவறினால் புதிய சட்டத்தில் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். தவறின் அளவைப் பார்த்தே தொகையை முடிவு செய்வார்கள் என்பதால், பட்டறைக்காரர் அந்த எண்ணைக் கேட்டு மிரள வேண்டியதில்லை.

சிலை ஆர்டரில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையாரா, மாதாவா என்ற ஒற்றை வரியே வாங்குபவரின் மதத்தைச் சொல்லிவிடும். ஐரோப்பியச் சட்டம் மத நம்பிக்கையைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காவல் போடுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படிப் பிரிவு இல்லை. இது ஒரு குறைதான்.

ஆகவே ஆர்டர் எழுதும்போதே, “புதுச் சிலை வந்தால் படம் அனுப்பலாமா?” என்று தமிழில் கேட்டு, வாடிக்கையாளர் அனுப்பும் ‘சரி’யை அழிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தகராறு வந்தால், சம்மதம் வாங்கியதைக் கடைதான் நிரூபிக்க வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ‘சரி’ வந்த அதே வாட்ஸ்அப்பில் ‘வேண்டாம்’ என்று வந்தால், அத்தோடு படம் அனுப்புவது நிற்க வேண்டும்.