மூன்றரைக் கிலோ பாரம்

நோர்வே என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 2002ஆம் ஆண்டின் யுத்த நிறுத்த உடன்படிக்கையும் அதற்கு அனுசரணை வழங்க வந்துபோனவர்களும்தான். யாழ்ப்பாணத்து மூத்தவர்களுக்கு அதற்கு வெகு முன்னரே அந்தப் பெயர் பழக்கமானது. 'சீநோர்' என்ற பெயரில் உள்ள 'நோர்' அந்த நாட்டையே குறிக்கின்றது. இன்று நமது உறவுகள் பலர் அங்கு குடியேறி வாழ்கின்றனர். அவர்கள் அனுப்பும் படங்களில் வீட்டு வாசல், மரம், கார் எல்லாமே வெள்ளைப் பனிக்குள் புதைந்து கிடக்கும். அந்தக் குளிரில் அங்குள்ள மக்கள் சனி, ஞாயிறு நாட்களை எப்படிக் கழிக்கின்றார்கள்? கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்களா?

இல்லை. வெளியே போகின்றார்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகின்றார்கள். அந்த மாரிகால விளையாட்டுகளில் ஒன்றைப் பற்றி நம் வாசகியர் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அது யுத்தத்திலிருந்து தப்பியோடிய ஒரு குழந்தையின் கதையிலிருந்து பிறந்த விளையாட்டு.

ஒவ்வொரு மார்ச் மாதமும் ரேனா என்ற சிற்றூரிலிருந்து மலைகளைக் கடந்து லில்லிஹாமர் நகரம் வரை 54 கிலோமீற்றர் தூரம் பனிச்சறுக்கல் ஓட்டம் ஒன்று நடைபெறுகின்றது. 'பீர்க்கபைனர்' என்பது அதன் பெயர். 1932ஆம் ஆண்டு ஆரம்பமான இந்த ஓட்டத்தில் பங்குபற்றும் ஒவ்வொருவரும் முதுகில் ஒரு பையைச் சுமக்க வேண்டும். அந்தப் பை மூன்றரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. வழியில் உண்பதற்கும் குடிப்பதற்கும் கொண்டுபோவது இந்தக் கணக்கில் சேராது. உலகப் புகழ் பெற்ற வீரராயினும் சரி, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியையாயினும் சரி, விதி ஒன்றுதான். அந்த மூன்றரைக் கிலோ, ஒரு குழந்தையின் பாரத்தைக் குறிக்கின்றது.

மலையைக் கடந்த குழந்தை

1130ஆம் ஆண்டு தொடங்கி 1240ஆம் ஆண்டு வரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, நோர்வேயில் அரசுரிமைக்கான உள்நாட்டு யுத்தம் விட்டுவிட்டு நடந்தது. ஒரு பக்கத்தார் 'பீர்க்கபைனர்'கள். அணியச் சப்பாத்து இல்லாமல் பேர்ச் மரப்பட்டையைக் காலில் சுற்றிக்கொண்டு திரிந்த ஏழைகள் என்று எதிரிகள் சூட்டிய ஏளனப் பெயர் அது. மறுபக்கத்தார் 'பாக்லர்'கள்.

1204ஆம் ஆண்டின் முதல் நாளில் பீர்க்கபைனர்களின் இளம் அரசர் இறந்துபோனார். அவர் இறந்த பின்னர், அதே ஆண்டில், வார்தைக் என்ற ஊரைச் சேர்ந்த இங்கா என்னும் பெண் அவருடைய மகனைப் பெற்றெடுத்தாள். ஹாக்கோன் என்று பெயரிட்டாள். அவள் இருந்த பகுதியோ பாக்லர்களின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. பிள்ளை இன்னாருடைய பிள்ளை என்று தெரிந்தால் உயிர் தப்பாது.

1205ஆம் ஆண்டு முடிந்து 1206 பிறந்த மாரியில் தாயையும் பிள்ளையையும் பாதுகாப்பான வடக்குப் பகுதிக்குக் கொண்டுசெல்லப் புறப்பட்டார்கள். லில்லிஹாமர் பகுதிக்கு வந்ததும் பனிப்புயல் வழியை மறித்தது. அப்போது தோர்ஸ்தைன், ஷேர்வால் என்ற இரண்டு பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சறுக்குப் பலகைகளில் மலையேறி மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். குழந்தை தப்பியது. 1217ஆம் ஆண்டு அவனே அரசனானான். 1240இல் அந்த நெடிய யுத்தம் முடிவுக்கு வந்ததும் அவனுடைய ஆட்சியிலேதான்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த ஓட்டத்தைத்தான் இன்று மக்கள் முதுகில் பையுடன் திரும்ப ஓடுகின்றனர். 1994ஆம் ஆண்டு மாரிகால ஒலிம்பிக் லில்லிஹாமரில் நடந்தபோது, அதன் சின்னங்களாக வந்த சிறுவன், சிறுமி இருவரில் சிறுவனுக்கு ஹாக்கோன் என்றே பெயர் வைத்தார்கள்.

கழகமும் சிரமதானமும்

இந்த ஓட்டத்துக்கு வருவோரில் மிகப் பெரும்பாலானோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். தாதியர், கடை ஊழியர், விவசாயிகள், அலுவலகத்தில் வேலை செய்வோர் எனப் பலரும் வருவர். மாரி முழுவதும் சனி, ஞாயிறுகளில் பழகிப் பழகித்தான் 54 கிலோமீற்றருக்கு உடம்பைத் தயாராக்குகின்றனர். டிசம்பரில் ஒஸ்லோ நகரில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் மட்டுமே. வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும். ஆகவே காட்டுப் பாதைகள் பலவற்றில் மின்விளக்குகள் போட்டிருக்கின்றார்கள். வார நாட்களில் அந்த வெளிச்சத்தில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை பகலில் குடும்பத்துடன் நீண்ட பயணம். பையில் ஒரு பிளாஸ்க்கில் சுடுபானம், தோடம்பழம், பாண், சொக்கலேற். நடுக்காட்டில் பனியில் குந்தியிருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

பலகையின் அடிப்பக்கத்துக்கு மெழுகு பூசுவது ஒரு தனிக் கலை. கடுங்குளிருக்கு ஒரு மெழுகு, பனி உருகத் தொடங்கும் நாளுக்கு இன்னொன்று. மெழுகு பிழைத்தால் ஏற்றத்தில் பலகை பின்னோக்கி வழுக்கும். எந்த மெழுகு சரி என்ற வாதம் அங்குள்ள கழகங்களில் ஓயாமல் நடக்கும்.

ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்கள் உண்டு. இவை பெரும்பாலும் சம்பளத்துக்கு நடப்பவை அல்ல. பாதையைச் செப்பனிடுவது, போட்டி நாளில் நேரம் குறிப்பது, வாஃபிள் சுட்டு விற்றுக் கழகத்துக்குப் பணம் சேர்ப்பது எல்லாம் பெற்றோரும் அயலவரும்தான். இதற்கு 'டுக்னாட்' என்று பெயர். நாம் சிரமதானம் என்கின்றோமே, ஏறக்குறைய அதுவே. 2004ஆம் ஆண்டு தங்கள் தேசியச் சொல் எது என்று தேர்ந்தபோது நோர்வே மக்கள் இந்தச் சொல்லைத்தான் தெரிவு செய்தார்கள்.

சிறுபிள்ளைகள் விடயத்தில் அவர்களுடைய விதி நமக்கும் சிந்திக்கத் தக்கது. பதினொரு வயதுக்கு முன்னர் பிள்ளைகளின் போட்டிகளில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று தரப்படுத்துவதில்லை. பரிசு கொடுப்பதானால் ஓடிய எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளை விளையாட்டை வெறுத்து ஒதுங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

பெரியவர்களின் ஓட்டத்திலும் வெற்றி என்பது முதலாவதாக வருவது மட்டுமல்ல. பீர்க்கபைனரில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. தமது பிரிவில் முதல் ஐந்து பேர் எடுத்த சராசரி நேரத்தைவிட நூற்றுக்கு 25 வீதத்துக்கு மேல் பிந்தாமல் வந்து சேர்பவர்களுக்கு ஒரு சின்னம் கிடைக்கும். ஐம்பத்தைந்து வயதுப் பெண் இருபத்தைந்து வயதுக்காரியுடன் போட்டியிட வேண்டியதில்லை. தன் வயதுடையவர்களுடன் ஓடினால் போதும். அந்தச் சிறு சின்னத்துக்காக ஆண்டுதோறும் விடாமல் வருகின்றவர்கள் பலர்.

ஹொல்மன்கொலன் ஞாயிறு

ஓடுபவர்களைப் போலவே பார்ப்பவர்களுக்கும் மாரி ஒரு திருவிழாக் காலம். வார இறுதிகளில் காலையிலிருந்தே தொலைக்காட்சியில் பனிச்சறுக்கல் போட்டிகள்தான். எல்லாவற்றுக்கும் மேலானது ஒஸ்லோவின் விளிம்பில் உள்ள ஹொல்மன்கொலன் மலையில் மார்ச் மாதம் நடக்கும் விழா. அங்கு முதற் போட்டி நடந்தது 1892ஆம் ஆண்டு. போட்டி காட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவதால், ரசிகர்கள் முதல் நாளே கூடாரங்களுடன் காட்டுக்குள் போய்விடுவார்கள். நெருப்பு மூட்டி, சொசேஜ் வாட்டி, கொடியும் மணியுமாகக் காத்திருப்பார்கள். வீரர் தம் நாட்டவரா பிற நாட்டவரா என்று பாராமல், கடைசியாக வருபவருக்கும் 'ஹையா, ஹையா' என்று குரல் கொடுப்பது அங்குள்ள வழக்கம்.

பெண்களுக்கு மூடியிருந்த வழி

இவ்வளவும் வாசித்தபின், அங்குள்ள பெண்களுக்கு எல்லாம் எளிதாகக் கிடைத்தது என்று எண்ணிவிடக் கூடாது.

அயல் நாடான சுவீடனிலும் இத்தகைய ஓட்டம் ஒன்று உண்டு. 90 கிலோமீற்றர் தூரமுள்ள 'வாசாலொப்பெட்' என்ற அந்த ஓட்டமும், யுத்த காலத்தில் உயிர் தப்பிப் பனியில் ஓடிய ஒருவரின் நினைவாக நடப்பதே. அது 1922ஆம் ஆண்டு தொடங்கியது. மறு ஆண்டே மார்கிற் நோர்டின் என்ற உடற்பயிற்சி ஆசிரியை அதில் ஓடி, பத்து மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முழுத் தூரத்தையும் முடித்தார். அவர் முடித்ததற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? 1924ஆம் ஆண்டு பெண்கள் அதில் ஓடத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை நீங்க 1981ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள்!

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நெடும் பனிச்சறுக்கல் ஓட்டம் முதன்முதலில் 1952இல் ஒஸ்லோவில் நடந்தது. அதுவும் 10 கிலோமீற்றர் மட்டுமே. ஆண்களுக்கு 50 கிலோமீற்றர். பெண்களின் உடம்பு தாங்காது என்பதே பல காலமாகச் சொல்லப்பட்டு வந்த நியாயம். உயரத்திலிருந்து பாய்ந்து பறக்கும் போட்டியில் ஒலிம்பிக்கின் கதவு பெண்களுக்குத் திறந்தது 2014ஆம் ஆண்டில்தான். ஹொல்மன்கொலனில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக 50 கிலோமீற்றர் உலகக் கிண்ண ஓட்டத்தை ஓடியது 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்.

உடம்பு தாங்காது என்ற சொல்லுக்கு ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் கொடுத்த பதில் ஒன்று உண்டு. மாரித் பியோர்கன் என்பவர் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு மகனைப் பெற்றெடுத்தார். அதன் பின் மீண்டும் பயிற்சிக்கு வந்து, 2018ஆம் ஆண்டு தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கில் 37ஆவது வயதில் ஐந்து பதக்கங்களை வென்றார். ஒலிம்பிக்கில் அவர் வென்ற மொத்தப் பதக்கங்கள் 15. மாரிகால ஒலிம்பிக்கில் அதுவரை ஆணோ பெண்ணோ எவரும் எட்டாத தொகை அது.

பீர்க்கபைனர் ஓட்டத்திலும் இதே கதைதான். 1932இல் தொடங்கிய ஓட்டத்தில் பெண்கள் அனுமதிக்கப்பட்டது 1970களில்தான். சற்று யோசித்துப் பாருங்கள். முதுகில் இருப்பது குழந்தையின் பாரம். அதைச் சுமக்கப் பெண்ணுக்கு நாற்பது ஆண்டுகளாக அனுமதி இல்லை!

படத்தில் இல்லாத தாய்

1869ஆம் ஆண்டு குனூத் பேர்க்ஸ்லீன் என்ற ஓவியர் அந்தப் பழைய ஓட்டத்தைப் படமாக வரைந்தார். நோர்வே மக்கள் நன்கறிந்த ஓவியம் அது. சறுக்குப் பலகைகளில் விரையும் இரண்டு வீரர்கள். ஒருவரின் கையில் துணியால் சுற்றிய குழந்தை. தாய் இங்கா அந்தப் படத்தில் இல்லை.

ஆனால் அவளுடைய கதை அந்த மாரியோடு முடியவில்லை. மகன் அரசனான பின்னரும் "இவன் உண்மையில் அரசருக்குப் பிறந்தவன்தானா?" என்ற பேச்சு அடங்கவில்லை. 1218ஆம் ஆண்டு பேர்கன் நகரில், தன் சொல் மெய் என்று நிரூபிக்க இங்கா பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்த வேண்டியிருந்தது. கை புண்ணாகி அழுகாமல் ஆறினால் சொன்னது உண்மை என்பது அக்கால வழக்கு. அவள் ஏந்தினாள். சோதனையில் தேறினாள் என்று அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகின்றது. யுத்த காலத்தில் துணையை இழந்த பெண்ணிடம் அத்தாட்சி கேட்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலையைக் கடந்தபோது ஹாக்கோனுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது. கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பார்த்த எந்தத் தாயும் மூன்றரைக் கிலோ என்றதும் சிரித்துவிடுவாள். அது பிறந்த குழந்தையின் நிறை. ஒன்றரை வயதுப் பிள்ளை பத்துக் கிலோவாவது இருக்கும். ஓட்டத்துக்கு வசதியாகப் பாரத்தைக் குறைத்துக்கொண்டார்கள் போலும்.

உண்மைப் பாரம் எவ்வளவு என்பது நம் வாசகியர் பலருக்குத் தெரியும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தலையில் ஒரு பொதி என்று 2009இலும் அதற்கு முன்னரும் நடந்தவர்கள் நீங்கள். அந்த நடையை எவரும் தராசில் வைத்து நிறுக்கவில்லை. எந்தக் கழகமும் அதற்குச் சின்னம் குத்தவில்லை. அதை உடனே விழாவாக்க வேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. நோர்வே மக்களுக்கே அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

எனினும் அவர்களிடமிருந்து ஒன்றை நாம் இன்றே எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு பொழுது தனக்கென்று வெளியே போவதை அங்குள்ள பெண் குற்றமாக எண்ணுவதில்லை. அதற்குத் துணை நிற்க ஒரு கழகம் இருக்கின்றது. பிள்ளையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ள அயலவர் இருக்கின்றனர். தன் வயதுக்காரியோடு மட்டும் ஓடினால் போதும் என்ற விதி இருக்கின்றது. நம் ஊர்ச் சனசமூக நிலையத்து வளவில் பின்னேரத்தில் வலைப்பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து, "எங்கட காலம் போச்சுது" என்று சொல்லிவிட்டு நடக்கின்றோமே, அந்த இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்கலாம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, சிறு வயதில் ஆடிய கிளித்தட்டுக்குக் கோடு கீறலாம். தாச்சி யார் என்ற சண்டையை மறுபடி பிடிக்கலாம்.

பாரத்தை இறக்கி வைக்க இடமில்லாதவர்கள் நாம். ஆயினும் அதைச் சுமந்துகொண்டே விளையாடவும் முடியும் என்பதற்கு அந்த 54 கிலோமீற்றர் பனிப்பாதை ஒரு சாட்சி.