காவல் நிலையக் கேமராவை யார் கண்காணிப்பது?

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. பதிவுகளைச் சேமிக்க ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தைக்கும் மகனுக்கும் அன்றிரவு அங்கே நடந்தது எதுவும் அதில் மிஞ்சவில்லை. அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அதற்குள் இருவரும் இறந்துவிட்டார்கள்.

அந்த இரவைப் பற்றிப் பேசியவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை படிந்திருந்ததாக அவர் நடுவரிடம் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே அவர் அஞ்சி நடுங்கினார். சாட்சியங்கள் அழிக்கப்படாமல் காக்க, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவு பிறப்பித்தது. நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடைபாதை என எங்கும் கேமரா வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும், இரவிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். மாநில, மாவட்ட அளவில் மேற்பார்வைக் குழுக்களும் உண்டு. ஆனால் கருவியைப் பராமரிப்பதும் பதிவைக் காப்பதும் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்றே அந்த உத்தரவு சொல்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. யார்மீது புகார் எழக்கூடுமோ, அவருடைய கையிலேயே சாட்சியம் இருக்கிறது. காவல் நிலையங்களில் வேலை செய்யாத கேமராக்கள் பற்றி 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடியும் வழக்கை எடுக்க நேர்ந்தது. பதிவுகள் காவல் துறைக்கு வெளியே, சுயேச்சையான ஓர் அமைப்பிடம் உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். அதுவரை மேற்பார்வைக் குழுக்கள் பெயரளவில்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் ஒருவரைப் போலீஸ் அழைத்துப்போனால், கைதுக் குறிப்பாணையை உடனே கேளுங்கள். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. கைதானவர், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும். அடித்தார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள். கேமராப் பதிவை வரவழைக்க அதற்கு அதிகாரம் உண்டு. எந்த நாள், எந்த நேரத்துப் பதிவு என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.