இரைச்சலும் இளைப்பும்

கடல் இரைகிறது என்கின்றோம். ஓடி வந்தவனுக்கு மூச்சு இரைக்கிறது என்றும் சொல்கின்றோம். உடல் மெலிவதும் இளைத்தல். களைத்து மூச்சு வாங்குவதும் இளைத்தல். மெலிய விரும்புவோன் முதலில் களைக்க வேண்டும் என்பதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கின்றது. ஆயின், அவ்வாறு களைக்கும் வேளையில் அவன் செவியில் விழவேண்டிய ஓசை எது? கடலின் இரைச்சலா, கருவியின் இரைச்சலா, தன் மூச்சின் இரைப்பா? இவ்வினா சிறிதெனத் தோன்றினும் புறக்கணிக்கத் தக்கதன்று.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் சாலையில், நிலாவெளியைக் கடந்து வடக்கே சென்றால் குச்சவெளி. நெய்தலும் மருதமும் கைகோத்து நிற்கும் ஊர். கிழக்கே பரந்த கடல். அதன் ஓரமாய் நீண்ட மணற்கரை. வாடைக் காலத்தில் அக்கடல் எழுப்பும் ஓசை ஊருக்குள்ளும் கேட்கும். நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் அஞ்சி, ‘நட’ என்ற மருத்துவரின் சொல்லைத் தலைமேற்கொண்ட ஒருவருக்கு இதனினும் சிறந்த களம் வேண்டுமா? உலர்ந்த மணலில் நடப்பதற்குச் செலவாகும் ஆற்றல், கெட்டித் தரையில் நடப்பதற்குச் செலவாவதைவிட இரு மடங்குக்கும் மேல் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது. கரையோர மக்களுக்கு இயற்கை இலவசமாக வழங்கிய பயிற்சிக்கூடம் அது.

நகரங்களில் நிலைமை வேறு. தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் கொண்ட மண்டபத்தில் ஒலிபெருக்கி முழங்குகின்றது. இரும்பு எடைகள் தரையில் விழுந்து அதிர்கின்றன. சுவர்கள் ஓசையை உண்பதில்லை, உமிழ்கின்றன. புதிதாக வந்த நடுவயதினர் ஒருவர் நான்கு நாள் பொறுக்கின்றார். ஐந்தாம் நாள் தலைவலியைக் காரணம் காட்டி நின்றுவிடுகின்றார். ‘சோம்பேறி’ என்று வீட்டார் ஏசுகின்றனர். குற்றம் அவருடையது மட்டுந்தானா?

இசை பயிற்சிக்குப் பகையன்று. எதியோப்பிய ஓட்டவீரர் ஹெய்லி கெப்ரசெலாசி, 1998இல் பர்மிங்ஹாம் நகரில் உள்ளரங்கில் 2000 மீற்றர் ஓடி உலக சாதனை படைத்தபோது, விரைந்த தாளமுடைய பாடலொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. தாளம் காலுக்குத் துணை. மிதமான பயிற்சியில் அது களைப்பின் உணர்வைக் குறைக்கும் என்பதை இலண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் கொஸ்டாஸ் கராஜோர்ஜிஸ் முதலிய ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். உரத்த இசை வேகத்தைச் சற்றுக் கூட்டுவதும் உண்டு. ஆயின், சாதனை வீரனின் தேவை சில நிமிட வேகம். உடல் மெலிய வேண்டியவரின் தேவை பல மாதப் பொறுமை.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். உடற்கொழுப்பில் ஒரு கிலோகிராம் கரைவதற்கோ ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். உணவைக் குறைக்காது நடையை மட்டும் நம்பினால் அறுபதுக்கும் மேற்பட்ட அரைமணிகள்! அத்தனை நாளும் அவர் எந்த ஓசைக்குள் நிற்கின்றாரோ, அந்த ஓசையும் அத்தனை நாள் அவர் செவிக்குள் புகும்.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்கின்றது. மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100க்கு 15 நிமிடம். அவுஸ்திரேலியாவில் உடற்பயிற்சி வகுப்புகளில் அளந்தபோது 90 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசை பதிவாகியுள்ளது. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீள முளைப்பதில்லை. இடையைக் குறைக்கச் சென்றவர் செவியை இழந்து திரும்புவது என்ன வாணிபம்?

இதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. பயிற்சியின் அளவை அறிய மருத்துவர் கூறும் எளிய சோதனை, பேச்சுச் சோதனை. நடக்கையில் பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் இத்தகைய பயிற்சி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. பேரிரைச்சலில் இச்சோதனையைச் செய்வது எங்ஙனம்? இரைச்சலில் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை எத்தியேன் லொம்பார்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எடுத்துக் காட்டினார். கத்திப் பேசுபவன் தன் மூச்சின் அளவை அறிவானா? இதயம் நலிந்தவருக்கு அவ்வறியாமை ஆபத்தாகவும் முடியலாம்.

நம் முன்னோர் உழைப்பில் ஓசை இல்லாமலில்லை. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலை நினைத்துப் பாருங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் தொடுப்பர். வலை கனத்தால் பாட்டுத் தாழும்; வலை இளகினால் பாட்டு விரையும். நெல் குற்றிய பெண்களின் வள்ளைப்பாட்டும் அத்தகையதே. அங்கே பாட்டு மூச்சுக்குப் பணிந்தது. இங்கே மூச்சு பாட்டுக்குப் பணிய வேண்டியிருக்கின்றது. ஒலிபெருக்கிக்கு வாய் உண்டு, காது இல்லை.

இக்கரையோர மக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் திடீர் ஓசைக்கு அவர்கள் கற்ற பொருள் வேறு. விழும் இரும்பின் ஓசைக்குத் திடுக்கிடும் ஒருவரைக் கோழை என்று நகைப்பது அறமாகாது.

ஆகவே செய்யத்தக்கது யாது? கூடத்துக்குச் செல்வோர் ஒலிபெருக்கியிலிருந்து விலகி நிற்க. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபெல் வரை குறையும், அடைத்த மண்டபத்திலும் ஓரளவு குறையும். கூட்டம் குறைந்த நேரத்தைத் தேர்க. பஞ்சைவிடச் செவியடைப்பான் நன்று. இரைச்சலை வெல்ல அதனினும் உரத்த இசையைக் காதில் மாட்டுவது தீயைத் தீயால் அணைப்பதாகும். ஒலியைக் குறைக்குமாறு கேட்க நாணற்க. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் பணித்தது. அமைதி கேட்பது சலுகையன்று, உரிமை என்பதற்கு அது சான்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடற்கரைக்குத் தனியே செல்லத் தயங்கும் தாய்மார் நம் ஊர்களில் பலர். விடியற்காலையில் பாடசாலை மைதானத்தை ஒரு மணி நேரம் அவர்களுக்குத் திறந்து விடலாகாதா? இருவர் மூவராய்ப் பேசிக்கொண்டே நடப்பர். பேச்சு இடறினால் வேகத்தைக் குறைப்பர். தடையின்றிப் பாட்டே வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுவர். அதற்கு மணியொலி தவிர வேறு கருவி எதுவும் வேண்டுவதில்லை.