உங்களுக்குத் தெரியுமா? தெருவை விழுங்கும் பள்ளம்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில், ஒரே இரவு மழையில் தெரு இருந்த இடம் பெரும்பள்ளமாகிவிடுவதுண்டு. இளகிய மணல் மேடுகளின்மேல் பரவிய நகரம் அது. கூரைநீர் முழுவதும் வடிகாலற்ற சாலையில் திரண்டு, சரிவை அறுத்துக்கொண்டு இறங்குகிறது.

2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, அந்நாட்டின் 26 நகரங்களில் 2,922 பள்ளங்களைக் கணக்கிட்டது. 2004 முதல் 2023 வரை வீட்டை இழந்து வெளியேறியவர்கள் சுமார் 1,18,600 பேர். ஒரு சிறுநகரமே இடம்பெயர்ந்ததற்குச் சமம். பெரும்பாலான பள்ளங்கள் சாலைகளை ஒட்டியே உருவானவை. ஆகவே சாலை போடும்போதே வடிகாலும் வேண்டும்.

சரிவைப் பிடித்து நிறுத்த அங்கே நடும் புல் எது தெரியுமா? நம் வெட்டிவேர்தான்! அதன் வேர் மூன்று மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கும். உலகம் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் தமிழிலிருந்து போனதே.