கொளுந்தும் கொழுந்தும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணாக்கி ஒருத்தி ஒரு மாலைப்பொழுதில் என் இல்லம் வந்தாள். அவள் கையில் மூன்று கொப்பிகள் இருந்தன. லயத்து மூதாட்டியர் பாடக் கேட்டு எழுதிய பாடல்கள் அவை. பாடியவருள் இருவர் இன்று உயிரோடில்லை. "நூலாக்கித் தரவேண்டும் ஐயா" என்றாள். தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு இதனினும் இனிய பணி யாது? சிவப்பு மையை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டேன்.

பிழை அங்கேதான் தொடங்கிற்று. 'கொளுந்து' என்றிருந்த இடமெல்லாம் 'கொழுந்து' என்றாக்கினேன். 'காம்பிரா' அறையாயிற்று, 'பெரட்டு' அணிவகுப்பாயிற்று. ஓசை குறைந்ததென எனக்குத் தோன்றிய இடத்தெல்லாம் அசை நிறைத்தேன். அச்சகத்தாரோ சில பக்கங்களில் என் திருத்தத்தை ஏற்று, சில பக்கங்களிற் பழையதை அப்படியே விட்டனர். ஒரு பாட்டின் பின்பாதி வேறொரு பாட்டின் தலையில் ஏறியிருந்தது. இருநூறு படிகள் வந்து சேர்ந்தன. முதற்படியை அவள் தன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாளாம். முழுவதும் கேட்டிருந்த கிழவி, "நல்லாத்தான் இருக்கு. யாரு பாட்டு இது?" என்றாளாம்.

பாடிக் கொடுத்தவளே அவள்தான்.

அக்கேள்வி என்னைச் சில நாள் உறங்கவிடவில்லை. முப்பதாண்டு நன்னூல் கற்பித்தவன் யான். எனினும், பிழை களைதல் வேறு, பாடம் காத்தல் வேறு என்பதனையும், பதிப்பித்தல் தனியே பயிலவேண்டிய ஒரு கல்வி என்பதனையும் அன்றுதான் உணர்ந்தேன்.

ஈழத்தார்க்கு இக்கல்வி முற்றும் புதியதன்று. 1820இல் அமெரிக்க மிஷனுக்கென வந்த அச்சாளர் ஒருவரை இத்தீவில் இருக்கவொட்டாது ஆங்கில ஆளுநர் வெளியேற்றினார். ஓர் அச்சாளனுக்கு அரசு அஞ்சிய காலம் போலும்! பின்னர் 1834இல் மானிப்பாயில் அம்மிஷனின் அச்சுக்கூடம் உருப்பெற்றது. அதற்கு அண்மையில் வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தபோது அதன் ஆசிரியராய் அமர்ந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவரும் அச்செமினரியிற் பயின்ற தமிழரே. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையோ சென்னையிற் 'தினவர்த்தமானி'யின் ஆசிரியராயிருந்து, பிற்காலத்தில் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். செமினரியிற் பதிப்புக்கலை ஒரு பாடமாயிருந்தது என்று சொல்ல யான் வரவில்லை. பள்ளியும் அச்சுக்கூடமும் அண்டை அயலாயிருந்தன. அவ்வயன்மை ஆளை உருவாக்கிற்று என்பதே என் எண்ணம்.

நாவலரும் அவ்வுண்மையை அறிந்தவரே. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், மறு ஆண்டே சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று வந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். படிக்கும் பிள்ளைக்குப் பிழையற்ற புத்தகம் வேண்டுமே! கடல்கடந்தும் இம்முயற்சி உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லந்து அரச பல்கலைக்கழகத்தில் 2001இல் 'ஊலிகன்' என்னும் பதிப்பகம் எழுந்தது. கையெழுத்துப்படியைத் தேர்தல், செம்மை செய்தல், அட்டை அமைத்தல், விற்றல் என்னும் அனைத்தையும் அங்கே மாணாக்கரே தம் கையாற் செய்து பயின்றனர்.

எம் பதுளைக்கு வருவோம். 2005இல் இங்கே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றிற்று. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் அங்கே பட்டப்படிப்பாக வகுக்கப்பெற்றன. மிக நன்று. கொழுந்தை வாடவைத்து, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கும் முறையுள் எந்த நிலையிற் கைதவறினும் தேநீர் கெடும். கையெழுத்துப்படி நூலாகும் வழியும் அத்தகையதே. ஆயின் அவ்வழியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவார் யார்? தாமோதரம்பிள்ளைக்குக் கிடைத்தவை தொட்டால் ஒடியும் பனையேடுகள். மலையகத்தின் ஏடோ மூதாட்டியர் நா. அது சிதைந்தால் மறுபிரதி தேட வேறோர் ஊர் இல்லை.

ஆகவே, இப்பொழுது ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் ஏழு பிள்ளைகள் கூடுகின்றனர். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியிற் கண்ணோட்டுவர். பின் இருவரும் இடம் மாறுவர். ஒரே பாட்டை இரு கிழவியர் இருவேறாகப் பாடியிருந்தால் இரண்டையும் அடிக்குறிப்பிற் காட்டப் பழகுகின்றனர். தோட்டச் சொற்களுக்கு அகராதி ஒன்று தொகுக்கின்றனர். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூல் எண் பெறும் படிவத்தையும் அவர்களே நிரப்பினர். தாளின் விலையைக் கணக்கிட்டபோதுதான் முகம் வாடினர். இருநூறு படி நூற்றைம்பதாகக் குறைந்தது.

இரண்டாம் பதிப்பின் அச்சுப்படி நேற்று வந்தது. 'காம்பிரா' தன் இடத்திற்கு மீண்டுவிட்டது. 'கொளுந்து' என்றே பாட்டில் நிற்கிறது. 'கொழுந்து' அகராதிக்குப் போயிற்று. பதினேழாம் பக்கத்தில் மட்டும் என் பழைய திருத்தமொன்று எவ்வாறோ ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடைக்குட்டி மாணவன் அதைக் கண்டுபிடித்து என்னை நிமிர்ந்து பார்த்தான். "அடித்துவிடு தம்பி" என்றேன். முதற்படியைக் கொண்டு அடுத்த வாரம் பசறைக்குப் போகவேண்டும்; பாட்டிக்குக் கண் மங்கிவிட்டதாம், செவி இன்னும் கூர்மை என்கிறாள் பேத்தி.