பழைய காரின் ஏ.சி.: கழற்றுவதா, வேறு வேலைக்கு மாற்றுவதா?

கத்தரி, தக்காளி, கீரை, மல்லிகை என அன்றன்று பறித்ததை அன்றன்றே சந்தைக்குக் கொண்டு செல்லும் விவசாயிகள் பலரிடம் இன்று ஒரு பழைய கார் இருக்கிறது. மாருதி 800, ஆம்னி, டாடா சுமோ, பொலிரோ போன்றவை கிராமங்களில் அதிகம். இவற்றில் முதலில் பழுதாவது பெரும்பாலும் ஏ.சி.தான். மெக்கானிக்கிடம் போனால், ‘சரிசெய்யச் செலவாகும், கழற்றிப் போட்டுவிடுங்கள்’ என்கிறார். கழற்றினால் மைலேஜ் கூடும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். பணத்தைப் போடும் முன்பும், ஸ்பேனரை எடுக்கும் முன்பும் சில கணக்குகளைப் பார்த்துவிடுவது நல்லது.

கழற்றினால் மைலேஜ் கூடுமா?

ஏ.சி. ஓடும்போது கம்ப்ரசர் என்ஜினின் சக்தியை எடுத்துக்கொள்ளும். மாருதி 800 என்ஜினின் மொத்தத் திறனே சுமார் 37 குதிரைத் திறன்தான். அதில் மூன்று, நான்கு குதிரைத் திறன் கம்ப்ரசருக்குப் போனால் மேட்டில் வண்டி திணறத்தான் செய்யும்.

ஆனால், சுவிட்சை அணைத்ததும் கம்ப்ரசரில் உள்ள காந்த கிளட்ச் விடுபட்டுவிடும். அதன் பிறகு வெளிப்புற புல்லி மட்டுமே சும்மா சுற்றும். அதற்குச் செலவாகும் எரிபொருள் மிகக் குறைவு. ஏ.சி. பாகங்கள் அனைத்தையும் கழற்றினாலும் வண்டியின் எடை இருபது, இருபத்தைந்து கிலோதான் குறையும். அது அரை மூட்டைக் காய்கறியின் எடை. எனவே, மைலேஜுக்காக மட்டும் கழற்றுவது வீண் வேலை.

கழற்ற வேண்டிய நிலைமைகளும் உண்டு. புல்லியின் பேரிங் தேய்ந்து சத்தம் போட்டாலோ, கம்ப்ரசர் இறுகிவிட்டாலோ பெல்ட் அறுந்துவிடும். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டுகிறது. வழியில் அறுந்தால் என்ஜின் சூடேறி, சரக்கோடு நடுச்சாலையில் நிற்க வேண்டியதுதான். அதேபோல், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் மண்ணும் வைக்கோல் தூசியும் அடைத்திருந்தால் ரேடியேட்டருக்குக் காற்று போகாது. முதலில் தண்ணீரால் மெதுவாகக் கழுவிப் பாருங்கள். துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் எடுத்துவிடலாம்.

விளைபொருளுக்கு ஏ.சி. உதவுமா?

பலர் பழுதுபார்க்க நினைப்பது இதற்காகத்தான். 35 டிகிரி சூட்டில் இருக்கும் 100 கிலோ காய்கறியை 15 டிகிரிக்குக் குளிர்விக்கச் சுமார் 7,800 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு டன் திறனுள்ள ஏ.சி. முழு மூச்சாக அதை மட்டுமே செய்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் வெயில், கண்ணாடி, என்ஜின் சூடு ஆகியவற்றையும் அது சமாளிக்க வேண்டும். மூட்டைக்குள் குளிர்காற்று புகாது என்பதால், மேலே உள்ள காய் குளிர்ந்தாலும் நடுவில் உள்ளது சூடாகவே இருக்கும்.

ஆகவே, சந்தை ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தூரம் என்றால் சரக்குக்காக ஏ.சி.யைப் பழுதுபார்க்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரப் பயணம், துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட், நிழலில் ஆறவைத்த காய் என்றால் ஓரளவு பலன் உண்டு. இங்கும் ஒரு எச்சரிக்கை: ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கீரையையும் கொத்தமல்லியையும் ஈரத்துணியால் மூடாவிட்டால் குளிரிலேயே வாடிவிடும்.

அதிகாலை அறுவடை, நிழலில் தரம் பிரித்தல், ஈரச்சாக்கு மூடுதல் ஆகிய மூன்றுக்கும் அதிகச் செலவில்லை. ஒருநாள் இருப்பு வைக்க வேண்டுமானால், புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த மின்சாரம் தேவைப்படாத குளிர்சேமிப்புத் தொட்டி இருக்கிறது. இரட்டைச் செங்கல் சுவர், இடையில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மணல், காலை மாலை தண்ணீர் தெளிப்பு, அவ்வளவுதான். வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் பலன் குறையும்.

குழாயை அறுக்காதீர்கள்

1990களின் பிற்பகுதிக்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் ஆர்-12 வாயு இருக்கும். ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் இதன் உற்பத்தி நம் நாட்டில் 2008இல் நின்றுவிட்டது. அதன் பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால், கரியமில வாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு சிறிய காரில் உள்ள அரை கிலோ வாயுவைத் திறந்துவிடுவது, சுமார் 700 கிலோ கரியமில வாயுவை வெளியிடுவதற்குச் சமம். மழை தப்புவதும் வெயில் கூடுவதும் முதலில் பாதிப்பது நம்மைத்தான்.

உடனடி ஆபத்தும் உண்டு. பீறிட்டு வரும் வாயு தோலையும் கண்ணையும் உறைபனிபோல் கருக்கும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுவாக மாறும். எனவே, வாயுவை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள பணிமனையில் கொடுத்து எடுத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். சமையல் எரிவாயுவை ஏ.சி.யில் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கசிந்தால் கார் தீப்பற்றும்.

எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

* ப்ளோயர், கண்டென்சர் விசிறி: இவை 12 வோல்ட்டில் ஓடுபவை. ஈரமான தென்னைநார் அல்லது வெட்டிவேர்த் தட்டி வழியாகக் காற்றை இழுக்க வைத்தால் சிறிய காளான் குடிலுக்கோ நாற்றுக் கூடத்துக்கோ உதவும். விதையை நிழலில் உலர்த்தவும் பயன்படும். ப்ளோயர் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் என்பதால் ஃபியூஸ் அவசியம். பேட்டரியில் மட்டும் நாள் முழுக்க ஓடாது.

* கம்ப்ரசர்: டயருக்குக் காற்றடிக்கவும், ஏர் ஃபில்டர் தூசியை ஊதவும் மாற்றலாம். ஆனால், பெரும்பாலான வகைகளில் வாயுவோடு சுற்றிவரும் எண்ணெய்தான் உள்ளே மசகு. வெறும் காற்றை அடித்தால் எண்ணெய் தீர்ந்து இறுகிவிடும். எண்ணெய் ஊட்டும் அமைப்பு, எண்ணெய் பிரிப்பான், அழுத்தம் தாங்கும் தொட்டி, பாதுகாப்பு வால்வு ஆகிய நான்கும் இல்லாமல் ஓட்டக் கூடாது. பழைய கேஸ் உருளையைத் தொட்டியாக்குவது வெடிகுண்டை மடியில் கட்டுவதுபோல. காற்றில் எண்ணெய்த் துளி கலந்திருக்கும் என்பதால் தெளிப்பானுக்கும் உணவுப் பொருளுக்கும் ஆகாது.

* கண்டென்சர், கூலிங் காயில்: அலுமினியம் என்பதால் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கேளுங்கள். உள்ளே எண்ணெய் படிந்திருப்பதால் பாலையோ குடிநீரையோ குளிர்விக்கப் பயன்படுத்தாதீர்கள்.

முடிவெடுக்கும் வரிசை

முதலில் ஃபியூஸ், கிளட்ச், விசிறி ஆகியவற்றைச் சோதியுங்கள். மூட்டுகளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அங்குதான் கசிவு. கசிவை அடைக்காமல் வாயு நிரப்பச் சொல்லாதீர்கள். சில வாரங்களில் மறுபடியும் செலவு. சிறிய பழுதென்றால் சரிசெய்து, வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லப் பயன்படுத்துங்கள். கம்ப்ரசரே போய்விட்டது, புல்லி மட்டும் நன்றாகச் சுற்றுகிறது என்றால் அப்படியே விட்டுவிடலாம். புல்லியும் கெட்டிருந்தால் கழற்றுங்கள். பெல்ட் பொதுவானதாக இருந்தால் அதற்கேற்ற குட்டை பெல்ட் அல்லது மாற்று புல்லி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் இருக்கைகளை எடுத்துச் சரக்கு வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். விசிறி, குளிர்சேமிப்புத் தொட்டி அமைப்பது பற்றிய ஆலோசனைக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம்.