இலண்டன் மாநகருக்கு முதன்முறை செல்வோர்க்கு

முன்னொரு காலத்திலே பரிஸ்ரர் படிப்பையும் வைத்தியப் படிப்பையும் நாடி நம்மவருள் மிகச் சிலரே கப்பலேறிச் சென்ற நகரம் இலண்டன். இன்றோ நிலைமை வேறு. பேரப்பிள்ளையின் முகம் காணப் பாட்டிமார் செல்கின்றனர். மேற்படிப்புக்காக மாணவர் செல்கின்றனர். கோயில் திருவிழாவுக்கு அங்கிருந்து வந்தவர்கள் தம் பெற்றோரை உடன் அழைத்துச் செல்கின்றனர். ஆயினும் ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்பது முதுமொழி. பாடசாலை விடுமுறையொன்றிலே தமக்கையார் இல்லத்துக்குச் சென்று மூன்று வாரம் தங்கிவந்த நாம், பட்டும் பார்த்தும் அறிந்துகொண்ட சிலவற்றை வாசகர்க்குக் கூற விரும்புகின்றோம்.

ஹீத்ரோ விமான நிலையத்திலே, பயணிகள் வெளியேறும் மண்டபத்தில் நாம் கண்ட காட்சியையே முதலிற் சொல்ல வேண்டும். நாம் வந்த அதே விமானத்தில் வந்திறங்கிய முதிய அம்மையார் ஒருவர், கயிற்றால் வரிந்து கட்டிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுடன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நம்மை அழைத்துச் செல்ல வந்த மருமகனுடன் நாம் தேநீர் அருந்தி முடித்த பின்னரும் அவர் அங்கேயே நின்றார். அருகிற் சென்று வினவினோம். “மகன் வருவன் எண்டு சொன்னவன் தம்பி, இன்னும் காணேல்லை” என்றார். குரல் நடுங்கிற்று. மகனுடைய தொலைபேசி இலக்கம் அவர் கைத்தொலைபேசியின் உள்ளே இருந்தது. கைத்தொலைபேசியோ மின்சாரம் தீர்ந்து உயிரற்றுக் கிடந்தது. விலாசமும் அதற்குள்ளேதான். இத்தனை பேர் நடமாடும் இடத்தில் எவரையேனும் கேட்டிருக்கலாமே என்றோம். “என்ர இங்கிலீசைக் கேட்டுச் சிரிப்பினம்” என்று தலை குனிந்தார்.

அந்த அம்மையாரின் கதையைப் பின்னர் முடிப்போம். புறப்படுமுன் செய்யவேண்டியவற்றுள் தலையாயது எது என்பதை அவர் நமக்கு உணர்த்திவிட்டார். தங்கும் வீட்டு விலாசத்தையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் தாளில் எழுதி, கடவுச்சீட்டுடன் ஒன்றும் சட்டைப்பையில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். கருவி உறங்கினாலும் காகிதம் உறங்காது.

பெட்டி கட்டும்போது

தாய்மாரின் அன்பு பெட்டியின் நிறையிலே தெரியும். எனினும் இறைச்சியையும், நெய், பாற்கோவா முதலிய பாற்பொருள்களையும் இலங்கையிலிருந்து பயணிகள் கொண்டுசெல்ல அங்கே அனுமதியில்லை. சுங்க அதிகாரிகள் எடுத்துவிடுவர். பச்சிலைகளுக்கும் பல கனிகளுக்கும் நோயற்றவை என்னும் அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், ஹரோ போன்ற பகுதிகளில் நம்மவர் கடைகளிலே கறிவேப்பிலை முதல் ஒடியல் மா வரை வாங்கலாம். ஆதலால் பெட்டியில் உள்ள இடத்தைக் கம்பளி ஆடைக்கும் நல்ல சப்பாத்துக்கும் ஒதுக்குவதே அறிவுடைமை.

நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை அவற்றின் உறையுடனும் வைத்தியரின் கடிதத்துடனும் கைப்பையில் வைத்திருங்கள். அங்குள்ள மின்துளைகள் சதுரமான மூன்று முனைகளைக் கொண்ட செருகிக்கே பொருந்தும். நம் பழைய வீடுகளில் உள்ள வட்டமுனைச் செருகி அங்கே நுழையாது. பொருத்தி ஒன்றை இங்கேயே வாங்கிச் செல்லலாம்.

நோய்க்காப்புறுதியை வீண் செலவென எண்ணாதீர்கள். இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகளிலே விபத்து, அவசரப் பிரிவில் அளிக்கப்படும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் அங்கிருந்து விடுதிக்கு மாற்றி அனுமதித்துவிட்டால், உறவினரைப் பார்க்க வந்த அயல்நாட்டாரிடம் வழமைச் செலவின் 150 சதவீதம் அறவிடப்படும். அக்கடன் நிலுவையில் நின்றால் மறுமுறை விசா மறுக்கப்படவும் கூடும். ஆபத்துவேளையில் அழைக்கவேண்டிய இலக்கம் 999. உயிராபத்து இல்லாத உடல்நலக் குறைவுக்கு ஆலோசனை பெற 111.

நிலத்தின் கீழே

ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் செல்ல மூன்று புகையிரத வழிகள் உண்டு. பிக்கடிலிப் பாதையிற் செல்லும் வண்டி ஏறக்குறைய ஒரு மணிநேரம் எடுக்கும், கட்டணம் குறைவு. 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எலிசபெத் பாதை அதனினும் விரைவானது. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால்மணி நேரத்தில் பாடிங்ரன் நிலையத்தை அடையும். ஆயின் அவசரமில்லாதவர் அவ்விரைவுக்குப் பெரும்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் பாடிங்ரனுக்கும் பரிங்டனுக்கும் இடையே அந்நகரிலேதான் ஓடிற்று. இன்று அதிற் செல்லப் பயணச்சீட்டு வாங்கவேண்டிய அவசியமில்லை. ஒய்ஸ்ரர் எனப்படும் பயண அட்டையையோ, தொட்டுப் பணம் செலுத்தும் வங்கி அட்டையையோ வாயிலில் உள்ள மஞ்சள் வட்டத்தில் தொட்டால் கதவு திறக்கும். இங்கே மூன்று விதிகளை மறத்தலாகாது. புகையிரதத்தில் ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் தொடவேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மாத்திரம் தொட்டாற் போதும். புகுந்தபோது தொட்ட அதே அட்டையையே வெளியேறும்போதும் தொடவேண்டும். இல்லையேல் கூடிய கட்டணம் கழிக்கப்படும். ஒருவர்க்கு ஓர் அட்டை. கணவனும் மனைவியும் ஒரே அட்டையிற் செல்ல இயலாது. 2014ஆம் ஆண்டு முதல் இலண்டன் பஸ்களிலே காசு வாங்குவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. முதல் பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்களுக்கு மாறினால் மேலதிகக் கட்டணம் கிடையாது. 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரியோருடன் நிலக்கீழ் வண்டியிலே இலவசமாகச் செல்லலாம்.

நகரும் படிகளில் வலப்புறமாக நில்லுங்கள். இடப்புறம் விரைந்து செல்வோர்க்கு உரியது. முதல்நாள் நாம் இடப்புறத்தில் நின்று, பின்னால் இருபது பேரைக் காக்க வைத்தோம். ஒருவரும் ஏசவில்லை, ஆனால் அவர்கள் காத்த மௌனம் ஏச்சினும் கடுமையாக இருந்தது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பது இதற்கும் பொருந்தும்.

நிலக்கீழ்ப் பாதைகளின் வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹரி பெக் என்பவர் மின்சுற்று வரைபடம் போன்று நேர்கோடுகளால் அமைக்க, 1933ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட படமே இன்றைய படத்துக்கு மூலம். எந்த நிலையத்திற்குப் பின் எந்த நிலையம் என்பதை அது சொல்லுமேயன்றி, உண்மையான தூரத்தைச் சொல்லாது. இருபது ஆண்டுகளாக மாணவர்க்குப் படம் பார்க்கக் கற்பித்த நாமே இதில் ஏமாந்தோம். லெஸ்ரர் சதுக்கத்திலிருந்து கவென்ற் கார்டனுக்கு வண்டியேறி, அங்கே மின்தூக்கிக்குக் கூட்டமாயிருக்கக் கண்டு படிவழியே ஏறினோம். அப்படிகள் 193. மூச்சிரைக்க வெளியே வந்தபின், இரு நிலையங்களுக்கும் இடையே கால் கிலோமீற்றர் தூரமே என்று மருமகன் சிரித்தபடி சொன்னார். நகரின் நடுப்பகுதியில் நடந்து செல்வதே பல வேளைகளில் விரைவானது, பணமும் மிஞ்சும்.

காசில்லாமற் காண்பவை

இலண்டனில் ஒரு கோப்பைத் தேநீரின் விலையை ரூபாயாக மாற்றிப் பார்ப்பவர்க்குத் தேநீர் இறங்காது. ஆயினும் அந்நகரின் மிகச் சிறந்த செல்வங்களைக் காண ஒரு சதமும் வேண்டியதில்லை. பிரித்தானிய நூதனசாலை, திரபல்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக்கூடம், தென் கென்சிங்ரனில் உள்ள இயற்கை வரலாற்று நூதனசாலை, விஞ்ஞான நூதனசாலை யாவற்றின் நிலையான காட்சிகளையும் இலவசமாகக் காணலாம். வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. குழாய்நீர் குடிப்பதற்கு உகந்தது. போத்தல் ஒன்றைக் கையிற் கொண்டுசெல்க.

பிரித்தானிய நூதனசாலை 1759ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரே நாளில் அதனை முழுவதும் பார்க்க முயல்வோர் ஒன்றையும் பாராதவராவர். நம் மாணவர் சென்றால் 33ஆம் இலக்க மண்டபத்துக்கு முதலிற் செல்ல வேண்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக்கரையிற் கிடைத்ததாகக் கூறப்படும் தாரா தேவியின் திருவுருவம் அங்கே நிற்கின்றது. 8ஆம் நூற்றாண்டுக்குரியது, வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசப்பெற்றது, 143 சென்ரிமீற்றர் உயரம். 1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிரவுண்றிக் அதனை 1830ஆம் ஆண்டு அந்த நூதனசாலைக்குக் கொடுத்தார். ஐயாயிரம் மைலுக்கப்பால், நம் கடற்கரையிலிருந்து சென்ற அவ்வுருவத்தின் எதிரே நின்றபோது, வியப்பும் துயரமும் ஒருங்கே எழுந்து நம்மைப் பேசவொட்டாது செய்தன. வரலாற்றை நூலிற் படிப்பது வேறு. அது தன் முகத்தைக் காட்டி நிற்கக் காண்பது வேறு.

புவியியல் கற்கும் மாணவர் கிறீனிச் செல்லவேண்டும். 1884ஆம் ஆண்டு உலக நாடுகளின் மாநாடொன்று பூச்சியப் பாகை நெடுங்கோடாக ஏற்றுக்கொண்ட கோடு அங்குள்ள வானாய்வுக்கூடத்தின் ஊடே செல்கின்றது. அங்கிருந்து நம் நாட்டு நேரம் ஐந்தரை மணி முந்தியது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் நான்கரை மணியே வேறுபாடு. அங்கே இரவு எட்டு மணிக்கு வீட்டு நினைவு வந்து தொலைபேசியை எடுத்தால், இங்கே நள்ளிரவு கடந்துவிட்டிருக்கும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் உண்டு. டிசெம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே இருள் சூழும். காலத்தைத் தெரிந்து பயணத்தை வகுக்க வேண்டும்.

கேட்பதில் இழிவில்லை

இனி அந்த அம்மையாரின் கதை. அவருடைய பெட்டியைச் சற்றே நகர்த்த முயன்றபோது, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அதன் ஒரு புறத்திலே கறுப்பு மையால் ஏதோ எழுதியிருக்கக் கண்டோம். திருப்பினோம். கட்டைவிரல் பருமனான எழுத்துகளில் மகனின் பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. ஊரிலே பெட்டி கட்டிக்கொடுத்த அயல்வீட்டுப் பையன் எழுதியதாம். இவ்வளவு நாகரிகமான இடத்தில் அந்தக் கொட்டை எழுத்துகள் அழகல்லவே என்று நாணி, அம்மையார் அப்புறத்தைச் சுவரோடு அணைத்து வைத்துவிட்டார்! மருமகன் அவ்விலக்கத்துக்கு அழைத்தார். மகன் வேறொரு முனையத்திலே, தாயைக் காணாது, அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் தாயும் மகனும் கட்டிக்கொண்டு அழுததைக் கண்டோம்.

ஆதலால் அன்பர்களே, நம் பெட்டியின் எழுத்தையும் நம் ஆங்கிலத்தையும் மறைக்க வேண்டா. எந்த முனையத்தில் இறங்குகின்றோம் என்பதை அழைக்க வருபவர்க்கு எழுத்திலே அறிவியுங்கள். வழி தெரியாவிடில் சீருடை அணிந்த ஊழியரிடம் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று தொடங்கி, தெரிந்த சொற்களாற் கேளுங்கள். உலகின் பல நாட்டு மக்கள் பல விதமாக ஆங்கிலம் பேசும் நகரம் அது. நம் பேச்சைக் கேட்டு அந்த மூன்று வாரத்தில் எவரும் சிரித்ததை நாம் காணவில்லை. மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் பாட்டியாரோ அன்னையாரோ இத்தகைய பயணம் புறப்படும் நாளில், அவர்கள் பெட்டியிலே பெரிய எழுத்தாக இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். எழுத்து அழகாக இல்லாவிடினும் குற்றமில்லை. தெளிவாக இருந்தாற் போதும்.